பவளத் தொட்டியும் நுண்குமிழிகளும்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களை அதிகம் சோதிப்பது எது என்று கேட்டால், சிலர் பாசி என்பார்கள், சிலர் மீன்நோய் என்பார்கள். எங்களைக் கேட்டால் நுண்குமிழிகள் என்போம். மணற்பொடியைவிடச் சிறிய காற்றுக் குமிழிகள் ஆயிரக்கணக்கில் நீரில் மிதந்து, விளக்கொளியில் தூசு பறப்பது போலத் தோன்றும். தண்ணீரைச் சோதித்தால் உப்பும் காரமும் சரியாக இருக்கும். கண்ணுக்கு மட்டும் பால் தெளித்தது போலிருக்கும். எங்கள் தொட்டியில் இந்தத் தொல்லை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நீடித்தது. அது தீர்ந்த வழி, அல்ஹம்துலில்லாஹ், செலவில் சிறியது, யோசனையில்தான் நீண்டது. வீட்டில் இத்தகைய தொட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மவர்களிலும் பெருகிவருவதால், அதை விரிவாகவே எழுதுகிறோம்.

சிங்கப்பூரில் எங்கள் வீவக வீட்டின் கூடத்தில் இருப்பது 120 செ.மீ. நீளமும், 50 செ.மீ. அகலமும், 50 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி. கொள்ளளவு 300 லிட்டர். ஊர் திரும்பிய ஒரு நண்பரிடமிருந்து மேசையோடும் பம்போடும் எங்களுக்கு வந்தது. அதில் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள் டாங், சில நத்தைகள், பொத்தான் பவளங்கள், பிள்ளைகள் 'சுத்தியல்' என்று அழைக்கும் ஹேமர் பவளம் ஒன்று ஆகியவை உள்ளன. ஊரில் இப்படியொன்று வைக்க விரும்பும் உறவினர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் சில, கீழக்கரையிலிருந்து படகில் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. ஆயினும் அங்கிருந்து ஒரு துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரச் சட்டம் இடம் தராது. நாங்கள் வாங்கியவை இங்குள்ள கடைகளில் வெட்டி வளர்க்கப்பட்ட துண்டுகள்.

ஊரில் சம்ப் என்றால் நிலத்துக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி. மீன்தொட்டிக்காரர்களுக்குச் சம்ப் என்பது மேசைக்கடியில் மறைந்திருக்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி. மேல்தொட்டியில் நிரம்பும் நீர், மூலையில் உள்ள பெட்டியின் பற்களின் வழியே வழிந்து, குழாயில் இறங்கிச் சம்பின் முதல் அறையில் விழும். அங்கே துணிப்பையில் வடிந்து, அடுத்த அறையில் புரோட்டீன் ஸ்கிம்மரைக் கடக்கும். பிறகு மேலும் கீழுமாக வைத்த மூன்று தடுப்புக் கண்ணாடிகளுக்கிடையே ஏறி இறங்கி, கடைசி அறையிலுள்ள பம்பை அடைந்து மீண்டும் மேலே செல்லும். அந்தத் தடுப்புகளுக்குக் 'குமிழிப் பொறி' என்றே பெயர். எங்கள் சம்பிலும் அந்தப் பொறி இருந்தது. குமிழிகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

குமிழி கண்ணுக்குத்தானே உறுத்துகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் சொல்வதுண்டு. மீன்களுக்கு இதனால் பெரும்பாலும் கேடில்லை என்பது உண்மைதான். ஆனால் கடற்பஞ்சுகளின் துளைகளில் காற்று புகுந்தால் அவற்றால் அதை எளிதில் வெளியேற்ற இயலாது. அந்தப் பகுதி அழுகிவிடும். பவளங்களின் மேல் குமிழிகள் ஒட்டிக்கொண்டே இருந்தால் அவை சதையைச் சுருக்கிக்கொள்ளும். மேற்பரப்பில் வெடிக்கும் குமிழிகள் தெறிக்கும் உப்பு, விளக்கிலும் மின்கம்பியிலும் வெள்ளையாகப் படியும். எங்கள் ஹேமர் பவளம் காலையில் கை விரித்தது போல மலர்ந்திருக்கும். மாலையில் முட்டியாக மடங்கிக் கிடக்கும். இளைய மகள் அதன் முன் நின்று, “அதுக்கு வலிக்குதா வாப்பா?” என்று கேட்டாள். வாய் பேசாத உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்து வைத்திருப்பவர் அதன் தண்ணீருக்குப் பொறுப்பாளி. அது நம்மிடம் உள்ள அமானிதம். ஆகவே ரமலான் பிறப்பதற்குள் நீர் தெளியாவிட்டால், உயிர்கள் அனைத்தையும் நன்கு பராமரிக்கும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுவது என்று பிள்ளைகளிடம் கூறினோம். மூத்தவன் இரண்டு நாட்கள் எங்களுடன் சரியாகப் பேசவில்லை.

கேட்டவர்கள் எல்லோரும் ஏதேனும் ஒன்றைச் சேர்க்கவே சொன்னார்கள். இன்னொரு தடுப்பு, தடிமனான ஸ்பாஞ்ச், இரட்டைத் துணிப்பை, பெரிய சம்ப். ஏற்கெனவே இருக்கும் பொறியில் சிக்காதது இன்னொரு பொறியில் மட்டும் எப்படிச் சிக்கும் என்ற ஐயம் எங்களுக்கு இருந்தது. எனவே வாங்குவதை நிறுத்திவைத்து, முதலில் குமிழியைப் பற்றித் தெரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தோம்.

பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஒரே அளவுள்ள இரண்டு புட்டிகளில் பாதிவரை, ஒன்றில் குழாய்த் தண்ணீரும் மற்றதில் தொட்டியின் உப்புநீரும் ஊற்றி, இரண்டையும் ஒரே நேரத்தில் பலமாகக் குலுக்கினோம். குழாய்த் தண்ணீர் சில நொடிகளில் தெளிந்தது. உப்புநீர் அதன் பிறகும் வெண்மையாகவே இருந்தது. நன்னீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெரிதாகி விரைந்து மேலேறிவிடுகின்றன. கடல்நீரிலுள்ள உப்பு அந்தச் சேர்க்கையைத் தடுக்கிறது. சிறியது சிறியதாகவே நீடிக்கிறது. புரோட்டீன் ஸ்கிம்மர் கடல்நீரில் நன்றாக வேலை செய்வதும் இதனால்தான். அது நுண்குமிழிகளின் மேல் கழிவை ஒட்டவைத்து நுரையாக வெளியேற்றுகிறது. ஒரு பாத்திரத்தில் ஊழியம் செய்வதே மற்றொரு பாத்திரத்தில் தொல்லையாகிறது.

அடுத்தது வேகக் கணக்கு. 2 மி.மீ. விட்டமுள்ள குமிழி வினாடிக்குச் சுமார் 20 செ.மீ. மேலேறும். 0.2 மி.மீ. குமிழி ஏறுவது 2 செ.மீ. மட்டுமே. 0.1 மி.மீ. ஆனால் அரை செ.மீ. தான். மிகச் சிறிய குமிழிகளில் விட்டம் பாதியானால் வேகம் நான்கில் ஒன்றாகிறது. 50 செ.மீ. உயரத் தொட்டியின் அடியிலிருந்து அந்த 0.1 மி.மீ. குமிழி அசையாத நீரிலேயே மேலே வர 100 வினாடிகள் தேவை. தொட்டியின் நீரோ ஒரு நொடியும் அசையாமல் இருப்பதில்லை.

இப்போது எங்கள் பொறியைப் பாருங்கள். குழாயின் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்தோம். நிரம்ப 8 வினாடிகள் ஆயின. அதாவது மணிக்கு 4,500 லிட்டர். தொட்டி நீர் முழுவதும் மணிக்கு 15 முறை சம்ப் வழியாகச் சுற்றுகிறது. சம்பின் அகலம் 40 செ.மீ., தடுப்புகளின் இடைவெளி 3 செ.மீ. அந்த இடுக்கில் வினாடிக்கு 1,250 கன செ.மீ. நீர் பாய்ந்தால் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 10 செ.மீ. மேலே 2 செ.மீ. ஏற முயலும் குமிழியை, கீழே 10 செ.மீ. வேகத்தில் இறங்கும் நீர் இழுத்துச் செல்லாமல் என்ன செய்யும்? இந்த நீரோட்டத்துக்கு அந்தப் பொறியால் பெரிய குமிழிகளை மட்டுமே நிறுத்த முடியும். அதே இடைவெளியில் இன்னொரு தடுப்பு வைத்தாலும் கணக்கு மாறாது. ஆகவே பிறந்த குமிழியைத் துரத்திப் பிடிப்பதை விட்டுவிட்டு, அது பிறக்கும் இடத்தைத் தேடத் தொடங்கினோம்.

தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு மணிநேரம் காத்திருந்து பார்த்தோம். முதலில் ஸ்கிம்மரை நிறுத்தினோம். குமிழி சிறிதளவே குறைந்தது. புதிய ஸ்கிம்மர் முதல் சில வாரங்கள் குமிழியைக் கக்குவது வழக்கம். உட்சுவரில் வழுவழுப்பான படலம் படிந்ததும் அடங்கிவிடும். எங்களுடையது பழையது, எனவே அதை விட்டுவிட்டோம்.

இரண்டாவது தடயம் தொழுகை நேரங்களில் கிடைத்தது. சுப்ஹுக்கு எழும்போது ஓரளவு தெளிவாக இருக்கும் நீர், அஸர் வேளையில் வெளுத்துவிடும். பவளம் சுருங்குவதும் அந்த நேரத்தில்தான். இரவு படுக்குமுன் ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றிவைப்பது எங்கள் வழக்கம். சிங்கப்பூர் வெக்கையில் தொட்டியைக் குளிர்விக்க வைத்த விசிறியால் ஒரு நாளைக்கு 4 லிட்டர்வரை ஆவியாகும். சம்பில் மற்ற அறைகளின் நீர்மட்டத்தைத் தடுப்புகள் தாங்கிக்கொள்வதால், இழப்பு முழுவதும் பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான் தெரியும். அந்த அறை 20 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம். 4 லிட்டர் குறைந்தால் மட்டம் 5 செ.மீ. இறங்கும். டார்ச் அடித்துப் பார்த்தபோது பம்பின் வாய்க்கு மேலே சிறு சுழி ஒன்று தெரிந்தது. அதன் வால் பம்பின் வாய்வரை நீண்டு, காற்றை உறிஞ்சிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பம்பின் இறக்கைகள் அந்தக் காற்றைப் பொடியாக்கி மேலே அனுப்பின. மட்டம் குறைந்தவுடன் நன்னீரைத் தானாக நிரப்பும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தியதும் மாலைக் குமிழி நின்றது. நாங்கள் புதிதாக வாங்கிய கருவி அது ஒன்றுதான்.

பம்ப் காற்றை உறிஞ்சுவதை அலட்சியமாக எண்ண வேண்டாம். மீன்பண்ணைகளில், பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் கசிவு ஏற்பட்டு, அழுத்தத்தில் காற்று நீரில் அளவுக்கு மீறிக் கரைந்து, மீனின் செவுளிலும் கண்ணிலும் குமிழி கட்டும் நோய் நன்கு அறியப்பட்டது. வீட்டுத் தொட்டியில் பம்பின் உயரம் குறைவு என்பதால் அந்த அபாயமும் குறைவு. எனினும் தண்ணீருக்கு வெளியே பம்ப் வைத்திருப்பவர்கள் உறிஞ்சும் பக்கத்து இணைப்புகளையும் ரப்பர் வளையத்தையும் அவ்வப்போது பார்ப்பது நல்லது. அந்தப் பக்கம் கசிந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். தரை உலர்ந்திருக்கிறது என்பது சான்றாகாது.

மேலே நீர் திரும்பும் குழாயிலும் ஒன்று இருந்தது. மின்சாரம் நின்றால் தொட்டி நீர் பின்னோக்கி இறங்காதிருக்க அந்தக் குழாயில் ஒரு சிறு துளை இட்டிருப்பார்கள். அது நீர்மட்டத்தின் விளிம்பிலேயே இருந்ததால், அலை தாழும்போதெல்லாம் காற்றை இழுத்தது. குழாயை 1 செ.மீ. இறக்கியதும் சரியாயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் பாதிக் குமிழி மிச்சம் இருந்தது. இதற்கிடையில் கீழக்கரையிலிருந்து உம்மா எங்களுடன் தங்க வந்திருந்தார்கள். கூடத்தில்தான் அவர்களுக்குப் படுக்கை. மூன்றாம் நாள் காலையில், “ராத்திரி பூரா யாரோ வாய் கொப்பளிச்சிட்டே இருக்கிற மாதிரி இருக்கு வாப்பா. ஒளூ செய்றாங்களோன்னு எந்திச்சு எந்திச்சு பாக்குறேன்” என்றார்கள். நாங்கள் அந்த ஓசைக்குப் பழகிப்போயிருந்தோம். உம்மாவுக்கோ உறக்கம் போயிற்று. நீர் மட்டும் ஓடும் குழாய் கொப்பளிக்காது. காற்றும் நீரும் கலந்து இறங்கும் குழாய்தான் அப்படி ஒலிக்கும். உம்மாவின் உறக்கத்தைக் கெடுத்ததும் பவளத்தைச் சுருக்கியதும் ஒரே குழாய்தான் என்று அப்போது தெளிவாயிற்று.

வழிந்த நீர் இறங்கும் குழாயில் பாதி நீரும் பாதி காற்றுமாக இறங்கினால், அந்தக் காற்று முழுவதும் சம்பின் முதல் அறையில் நுரையாகக் கொட்டும். குழாய் முழுவதும் நீரால் நிரம்பியிருந்தால் காற்றுக்கு இடமில்லை, ஓசையும் இல்லை. பொழுதுபோக்காளர்கள் 'ஹெர்பி முறை' என்று அழைக்கும் ஏற்பாடு இதுதான். இரண்டு குழாய்கள் வேண்டும். முதல் குழாயின் கீழ்ப்பகுதியில் ஒரு கேட் வால்வு. அதைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வந்தால், மூலைப் பெட்டியில் நீர்மட்டம் உயர்ந்து குழாயின் வாயை மூழ்கடிக்கும். குழாய் முழுச் சைஃபனாக மாறும். இரண்டாவது குழாய் அதைவிட உயரமானது. அதற்கு வால்வு கிடையாது. முதல் குழாயால் இயலாத நீர் மட்டும் அதன் சுவரை ஒட்டி மெல்லிய இழையாக இறங்கும். இன்னும் எச்சரிக்கையானவர்கள் மூன்று குழாய்கள் வைப்பார்கள்; அது 'பீன் அனிமல் முறை'.

எங்கள் தொட்டியின் அடியில் இரண்டு துளைகளே இருந்தன. ஒன்று நீர் இறங்க, மற்றது நீர் ஏற. கண்ணாடியில் புதிதாகத் துளையிடுவதற்குப் பதிலாக, ஏறும் குழாயைத் தொட்டியின் பின்விளிம்பின் மேலாக வளைத்துவிட்டு, காலியான துளையை இரண்டாவது இறங்குகுழாய்க்குக் கொடுத்தோம். பிவிசி குழாய், முழங்கைகள், ஒரு கேட் வால்வு, பசை ஆகியவற்றோடு ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் போயிற்று. பந்து வால்வு மலிவானதுதான். ஆனால் அது கால் சுற்றிலேயே முழுவதும் திறந்து மூடுவதால் நுணுக்கமாகத் திருப்ப வராது. இந்த வேலைக்குக் கேட் வால்வே உகந்தது.

குழாயின் கீழ்முனை சம்பின் நீரில் எவ்வளவு மூழ்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். 2 அல்லது 3 செ.மீ. போதும். மேலே தூக்கி வைத்தால் நீர் விழுந்து நுரைக்கும். ஆழமாக அமிழ்த்தினால், பம்பை மீண்டும் இயக்கும்போது குழாயிலுள்ள காற்று வெளியேற இயலாமல் சைஃபன் தொடங்கவே தொடங்காது. மூலைப் பெட்டியின் நீர்மட்டத்தையும் பற்களுக்கு 3 செ.மீ. கீழே இருக்குமாறு உயர்த்தி வைத்தோம். முன்பு அங்கே நீர் ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்து தன் பங்குக்கும் குமிழி உண்டாக்கியது.

ஒரு குழாயை வால்வால் நெரிப்பது விளையாட்டல்ல. நாங்கள் இருப்பது 7ஆம் மாடி. கீழ்வீட்டில் வயதான சீனத் தம்பதியர் வசிக்கிறார்கள். எங்கள் தொட்டி வழிந்தால் அவர்கள் கூரைதான் நனையும். அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் கற்றுக்கொடுக்கிறார்கள். கேட் வால்வுக்கும் அது பொருந்தும். ஆகவே இரண்டு சோதனைகள் செய்யாமல் இரவில் கண்ணயரவில்லை. முதலாவது, வால்வை முழுவதும் மூடிவிட்டு, இரண்டாவது குழாய் தனியாகவே மொத்த நீரையும் தாங்குகிறதா என்று கால் மணிநேரம் அருகிலேயே நின்று பார்த்தோம்; தாங்கியது. இரண்டாவது, பம்பின் மின்சாரத்தைத் துண்டித்தோம். மேல்தொட்டியில் பற்களுக்கு மேலிருக்கும் 2 செ.மீ. நீர் மட்டுமே 12 லிட்டர். பெட்டியிலும் குழாயிலும் உள்ளதைச் சேர்த்தால் 18 லிட்டருக்குள் சம்பில் வந்து இறங்கும். சம்பில் 10 செ.மீ. காலியாக விட்டிருந்ததால் அதில் இன்னும் 36 லிட்டர் கொள்ளும். ஹெர்பி முறையை அமைக்கும் எவரும் இந்த இரண்டையும் செய்யாமல் விடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அதன் பின்னர்தான் நீரோட்டத்தில் கைவைத்தோம். சம்ப் வழியாக மணிக்கு 15 முறை நீர் சுற்ற வேண்டிய தேவை எதுவுமில்லை. ஸ்கிம்மருக்கும் வடிகட்டிக்கும் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். பவளங்களுக்குத் தேவையான அலையைத் தொட்டிக்குள்ளேயே இருக்கும் இரண்டு அலை பம்புகள் தருகின்றன. அவை நீரைச் சுழற்றுகின்றனவே அன்றி எங்கும் கொட்டுவதில்லை. எங்கள் ரிட்டர்ன் பம்ப் வேகத்தைக் குறைக்கக்கூடிய வகை. மணிக்கு 1,500 லிட்டருக்கு இறக்கி, வால்வை மீண்டும் சரிசெய்தோம். தடுப்புகளில் ஒன்றைக் கழற்றி இடைவெளியை 8 செ.மீ. ஆக்கினோம். இப்போது இடுக்கில் நீர் செல்லும் வேகம் வினாடிக்கு 1.3 செ.மீ. முன்பு தப்பிச் சென்ற 0.2 மி.மீ. குமிழிகள் இப்போது மேலேறி வெடித்துவிடுகின்றன. அதனினும் சிறியவை இன்றும் தப்பிச் செல்லும். ஆனால் அவற்றை உண்டாக்கும் இடங்கள் அடைபட்டுவிட்டதால் எண்ணிச் சொல்லும் அளவிலேயே இருக்கின்றன. மின்கட்டணமும் சற்றுக் குறைந்தது. அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஸ்பாஞ்ச் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: தடுப்புகளுக்கிடையே திணித்தால் குமிழி அன்றே குறையும். ஆனால் ஒரு வாரத்தில் அதில் அழுக்குச் சேர்ந்து நைட்ரேட்டை உயர்த்தும். அடைத்துக்கொண்டால் நீர் தடுப்பைத் தாண்டி வழியும். 3 நாளுக்கொரு முறை தவறாமல் கழுவும் கை வீட்டில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இல்லை.

ஷஃபானின் கடைசி வாரத்தில் ஹேமர் பவளம் மஃரிப் வரை மலர்ந்தே இருந்தது. தொட்டி யாரிடமும் போகவில்லை. உம்மா இப்போது, பம்ப் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று எழுந்து பார்க்கிறார்கள், அத்தனை அமைதி.

மாதத்துக்கு ஒரு முறை வால்வைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. குழாயின் உட்புறம் பாசி படிவதால் நீரோட்டம் சிறிது மாறும். ஒரு முறை நத்தை ஒன்று குழாயின் வாயில் அமர்ந்துவிட்டது. இரண்டாவது குழாயில் வழக்கத்தைவிட அதிக நீர் சலசலத்ததால் அது உடனே தெரிந்தது. வால்வின் கைப்பிடியில் இப்போதைய நிலையைக் கறுப்பு மையால் கோடிட்டு வைத்திருக்கிறோம். குழாயின் வாய்க்குப் பிளாஸ்டிக் வலைமூடி ஒன்றைப் போட்டிருக்கிறோம். அந்த மூடியை வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் புறப்படும் முன் துலக்கி வைப்பது மூத்தவனின் பொறுப்பு.